அந்நியர் விரிக்கும் வலையும் விசாரித்துத் தெளியும் கடமையும்

 

  

இன்றைய ஜும்ஆவில் நாம் சிந்திக்கவிருக்கும் பொருள், கைப்பேசியின் வழியாக நம் வீட்டுக்குள் நுழையும் செய்திகளைப் பற்றியது. அவற்றுள் சில, வெளிநாடுகளில் அமர்ந்துகொண்டு, ஒரு நாட்டு மக்களை ஒருவர் மீது ஒருவர் ஏவிவிடவும், அந்நாட்டின் தேர்தலைத் திசைதிருப்பவும் திட்டமிட்டுத் தயாரிக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து நம் மக்களாட்சியைக் காப்பதில் ஒரு முஸ்லிமின் பங்கு என்ன என்பதே நம்முன் உள்ள கேள்வி.

"இது அரசாங்கத்தின் வேலை, பள்ளிவாசலில் இதைப் பேசுவானேன்?" என்று சிலர் எண்ணலாம். வாக்களிப்பது ஒரு வகையில் சாட்சியம் கூறுவதாகும் என நம் மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். ஒருவருக்கு நாம் வாக்களிக்கும்போது, இப்பொறுப்புக்கு இவர் தகுதியானவர் என்று சாட்சி சொல்கின்றோம். பொய்ச் சாட்சியம் பெரும் பாவங்களில் ஒன்று என்பதை நாம் அறிவோம். அப்படியிருக்க, சாட்சி கூறுபவரின் உள்ளத்தில் பொய்யை விதைத்து, அவர் அறியாமலேயே அவரைப் பொய்ச் சாட்சி ஆக்கிவிடும் சூழ்ச்சியைப் பற்றி மிம்பரில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

முட்டை விலையைச் சாய்த்த ஒரு செய்தி

ஒரு சிறு செய்திக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை அறிய நாம் தூர தேசம் செல்ல வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களை நினைத்துப் பாருங்கள். கொரோனா நோய் கோழியின் மூலம் பரவுகின்றது என்றொரு செய்தி வாட்ஸ்அப் வழியே நாடெங்கும் பரவியது. கோழிக்கும் அந்நோய்ப் பரவலுக்கும் தொடர்பில்லை என்று அரசுத் துறையினரும் மருத்துவர்களும் எடுத்துரைத்தார்கள். ஆயினும் மக்கள் கறிக்கோழியையும் முட்டையையும் ஒதுக்கினார்கள். நாமக்கல் பண்ணைகளில் முட்டைகள் தேங்கின, விலை சரிந்தது. பண்ணை உரிமையாளர் முதல் தீவன மூட்டை தூக்குபவர், முட்டை லாரி ஓட்டுபவர் வரை அதன் அடி விழுந்தது.

அச்செய்தியை முதன்முதலில் எழுதியவர் யார்? நம்மில் எவரும் அவரைக் கண்டதில்லை. ஆனால் அதை நமக்கு அனுப்பியவர் யார் என்று கேட்டால், நம் மாமாவும் மச்சானும், பக்கத்துக் கடைக்காரரும், பழைய பள்ளித் தோழரும்தாம். எழுதியவர் எங்கோ மறைந்திருக்க, சுமந்து சென்றவர்கள் எல்லாம் நம்மவர்களாக இருந்தார்கள். இதை உள்ளத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நாம் பேசவிருக்கும் சூழ்ச்சி முழுவதும் இந்த ஒரு பலவீனத்தின் மீதுதான் கட்டப்பட்டிருக்கின்றது.

ஹூஸ்டன் நகரில் நடந்தது

2016ஆம் ஆண்டு மே 21ஆம் நாள். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்து இஸ்லாமிய தஃவா மையத்தின் எதிரே இரு கூட்டத்தார் திரண்டனர். டெக்ஸாஸ் இஸ்லாமிய மயமாவதைத் தடுத்து நிறுத்துங்கள் என்று ஒரு கூட்டம் முழங்கியது. இஸ்லாமிய அறிவைக் காப்போம் என்று மறு கூட்டம் எதிர்முழக்கம் இட்டது. காவல்துறையினர் இடையில் நின்றார்கள்.

முதல் கூட்டத்தை அழைத்தது 'ஹார்ட் ஆஃப் டெக்ஸாஸ்' என்ற ஃபேஸ்புக் பக்கம். இரண்டாவது கூட்டத்தை அழைத்தது 'யுனைட்டெட் முஸ்லிம்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற ஃபேஸ்புக் பக்கம். இரண்டையும் லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்து வந்தனர். 2017ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் அமெரிக்க செனட் சபையின் உளவுத்துறைக் குழு இந்த விவகாரத்தை வெளிப்படுத்தியபோது உலகம் திகைத்தது. இரு பக்கங்களையும் நடத்தியவர்கள் ஒரே இடத்தவர்கள். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இயங்கிய 'இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி' என்ற நிறுவனத்தின் ஊழியர்கள். இரு கூட்டங்களையும் கூட்ட அவர்கள் விளம்பரத்திற்குச் செலவழித்த தொகை ஏறத்தாழ 200 டாலர் என்று அக்குழுவின் தலைவர் கூறினார்.

முஸ்லிம்களின் பெயரால் நடந்த அந்தப் பக்கத்தின் பெயரும் திருடப்பட்டதே. அதே பெயரில் உண்மையான ஒரு முஸ்லிம் அமைப்பு அமெரிக்காவில் இருந்தது. அதன் பெயரை எடுத்துப் போர்த்திக்கொண்டு, முஸ்லிம்களின் உள்ளக் குமுறலைத் தம் குமுறல் போல் எழுதி, அவர்களை வீதிக்கு அழைத்தார்கள். அழைப்பை ஏற்று வந்தவர்கள் பள்ளிவாசல் மீது பற்றுக்கொண்ட நல்லவர்கள். எதிரே நின்றவர்களில் எவரேனும் ஒருவர் அன்று துப்பாக்கியைத் தூக்கியிருந்தால், இறப்பவர் அமெரிக்கர். சிறை செல்பவர் அமெரிக்கர். பழி சுமப்பது அந்த மஸ்ஜித். அழைத்தவர்களுக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது.

2018 பிப்ரவரியில் அமெரிக்க நீதித்துறை 13 ரஷ்யர்கள் மீதும் 3 நிறுவனங்கள் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அந்நிறுவனத்தார் எழுதியவை 12 கோடியே 60 லட்சம் அமெரிக்கர்களின் பார்வைக்குச் சென்றிருக்கலாம் என ஃபேஸ்புக் நிறுவனமே மதிப்பிட்டது.

மஸ்ஜிதுள் ளிரார் தரும் படிப்பினை

அன்பர்களே! இவ்வாறான சூழ்ச்சி நம் மார்க்க வரலாற்றுக்குப் புதியதன்று. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, தபூக் பயணத்திற்கு நபி (ஸல்) அவர்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, குபாவுக்கு அருகில் நயவஞ்சகர்கள் ஒரு மஸ்ஜிதைக் கட்டினார்கள். நோயாளிகளுக்காகவும் மழை இரவில் தூரம் செல்ல இயலாதவர்களுக்காகவும் கட்டியுள்ளோம், தாங்கள் வந்து தொழவைக்க வேண்டும் என்று வேண்டினார்கள். பயணத்திலிருந்து திரும்பிய பின் பார்க்கலாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிவிட்டார்கள்.

அதன் பின்னணி என்ன? அபூ ஆமிர் என்பவன் மதீனாவை விட்டு வெளியேறி, ரோமப் பேரரசனின் உதவியை நாடிச் சென்றிருந்தான். அவனுடைய ஏற்பாட்டின்படி, அவனுடைய ஆட்கள் கூடுவதற்கும் முஸ்லிம்களைப் பிளவுபடுத்துவதற்கும் ஒரு தளமாகவே அது கட்டப்பட்டது என்று தஃப்ஸீர் நூல்கள் கூறுகின்றன. தவ்பா அத்தியாயத்தின் 107ஆம் வசனம் அதன் உள்நோக்கத்தை வெளிப்படுத்தியது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதனை இடித்துவிடும்படி கட்டளையிட்டார்கள்.

இச்சம்பவத்தில் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டு வல்லரசின் ஆதரவை எதிர்பார்க்கும் ஒருவன். உள்ளூரில் அவனுக்கு உதவும் சிலர். நோயாளிகளுக்கு உதவி என்ற நல்ல காரணம். மஸ்ஜித் என்ற புனிதமான பெயர். நோக்கமோ பிளவு. ஹூஸ்டன் நகரத்து ஃபேஸ்புக் பக்கத்திற்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை! ஒன்று களிமண்ணால் கட்டப்பட்டது. மற்றொன்று கணினியில் கட்டப்பட்டது.

ஆனால் முக்கியமான ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். அண்ணலார் (ஸல்) அவர்களுக்கு உண்மை வஹீயின் மூலம் அறிவிக்கப்பட்டது. நமக்கு வஹீ வராது. ஆகவே நமக்குப் பிடிக்காதவர்களின் இடத்தையெல்லாம் ளிரார் என்று பட்டம் சூட்டும் உரிமை நமக்கில்லை. நமக்கு இடப்பட்ட கடமை, ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் காட்டும் வழியாகும். அதாவது, செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிவது. அறியாமையால் ஒரு சமூகத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு வருந்த நேரிடும் என்பதையே அவ்வசனம் அதற்குரிய காரணமாகச் சொல்கின்றது.

நம் நாட்டில் கண்ட காட்சி

நம் இந்தியத் திருநாட்டுக்கு வருவோம். 2012 ஜூலையில் அஸ்ஸாம் மாநிலத்தின் கோக்ராஜார் வட்டாரத்தில் போடோ மக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே பெரும் கலவரம் மூண்டது. லட்சக்கணக்கானோர் வீடிழந்து முகாம்களில் தஞ்சம் புகுந்தனர். அதே காலத்தில் மியான்மர் நாட்டில் ரோஹிங்யா முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். இரண்டும் உண்மையான துயரங்கள்.

அந்த உண்மையான துயரத்தின் மீது பொய் ஏற்றப்பட்டது. வரிசையாகக் கிடத்தப்பட்ட உடல்கள் நடுவே புத்த பிக்குகள் நிற்கும் படம் ஒன்று, முஸ்லிம்கள் கொன்று குவிக்கப்பட்ட காட்சி என்ற விளக்கத்துடன் பரவியது. அது 2010இல் சீனாவில் திபெத்தியர் வாழும் யூஷு பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தின் படம். பிக்குகள் அங்கே மீட்புப் பணிக்கு வந்தவர்கள். இந்தப் புரட்டை எடுத்துக்காட்டியவர்களுள் பாகிஸ்தானைச் சேர்ந்த முஸ்லிம் எழுத்தாளர் ஒருவரும் உண்டு என்பதை நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

ஆகஸ்ட் 11ஆம் நாள் மும்பை ஆசாத் மைதானத்தில் அஸ்ஸாம், மியான்மர் நிகழ்வுகளைக் கண்டித்து நடந்த கூட்டம் வன்முறையில் முடிந்து இரு உயிர்கள் பலியாயின. சில நாட்களுக்குள், ரமளானுக்குப் பிறகு வடகிழக்கு மாநிலத்தவர் தாக்கப்படுவர் என்ற குறுஞ்செய்திகள் பெங்களூரு, சென்னை, புனே நகரங்களில் பரவின. பெங்களூரு ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் மூட்டை முடிச்சுகளுடன் குவிந்தனர். அவர்களை ஏற்றிச் செல்லச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன. அவர்கள் அஞ்சி ஓடியது யாருக்கு? நமக்கு! நோன்பு நோற்றுப் பெருநாளை எதிர்பார்த்திருந்த முஸ்லிம்களுக்கு! நாம் ஒரு சொல்லும் கூறாமல், ஒரு கல்லும் எறியாமல், அவர்களின் கண்களில் கொலைகாரர்கள் ஆக்கப்பட்டோம்.

அப்படங்களில் பெரும்பாலானவை பாகிஸ்தானிலிருந்து பதிவேற்றப்பட்டவை என்று மத்திய உள்துறைச் செயலாளர் ஆகஸ்ட் 18ஆம் நாள் அறிவித்தார். பாகிஸ்தான் அதை மறுத்து ஆதாரம் கேட்டது. அரசு 200க்கும் மேற்பட்ட இணையப் பக்கங்களை முடக்கியது. ஒருவர் மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளுக்கு நாளொன்றுக்கு 5 என வரம்பு விதித்தது. படத்தைப் புனைந்தவன் எந்த நாட்டவனாக இருந்தாலும், அதைக் கை மாற்றிக் கை மாற்றி நாடெங்கும் கொண்டு சென்றவை இந்தியர்களின் கைப்பேசிகள்தாம்.

சூழ்ச்சியின் பல முகங்கள்

வெளிநாட்டவர் ஒருவர் தம் சொந்தப் பெயரில் நம் நாட்டைப் பற்றி விமர்சிப்பது வேறு. அதை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். தம்மை மறைத்துக்கொண்டு, சேலத்துக்காரர் போலவும் பஞ்சாபியர் போலவும் முஸ்லிம் போலவும் வேடமிட்டு, நூறு பெயர்களில் ஒரே கருத்தை எழுதிப் பொதுமக்களின் குரல் இதுவே என நம்பவைப்பது வேறு. முன்னது கருத்து. பின்னது மோசடி.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள், மக்களவைத் தேர்தல் நெருங்கிய வேளையில், பாகிஸ்தான் ராணுவத்தின் செய்தித்துறை ஊழியர்களுடன் தொடர்புடைய 103 பக்கங்களையும் கணக்குகளையும் ஃபேஸ்புக் நிறுவனம் நீக்கியது. அதே நாளில், இந்தியாவுக்குள்ளேயே கட்சிச் சார்புடையோர் வேடமிட்டு நடத்திய கணக்குகளும் நூற்றுக்கணக்கில் நீக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இருந்தோர் ஏறத்தாழ 97 கோடிப் பேர். அத்தேர்தல் நடந்துகொண்டிருந்த மே மாதத்தில், இஸ்ரேலின் டெல் அவிவ் நகரைச் சேர்ந்த 'ஸ்டோயிக்' என்ற நிறுவனம், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு இந்தியத் தேர்தல் குறித்துக் கருத்துகளை உற்பத்தி செய்ததாக ஓப்பன்ஏஐ நிறுவனம் அறிவித்தது. ஆளும் பாரதிய ஜனதா கட்சியை இகழ்ந்தும் காங்கிரஸ் கட்சியைப் புகழ்ந்தும் அவை எழுதப்பட்டிருந்தன. மக்களிடம் பெரிதாகச் சென்றடையும் முன்பே அது தடுக்கப்பட்டது. அதே மே மாதத்தில், சீனாவிலிருந்து சீக்கியர்களைப் போல் நடித்து இயங்கிய 37 ஃபேஸ்புக் கணக்குகளையும் 13 பக்கங்களையும் வேறு சிலவற்றையும் மெட்டா நிறுவனம் நீக்கியது. இல்லாத ஒரு சீக்கியப் போராட்ட இயக்கத்தையே அவர்கள் கற்பனையாக உருவாக்கியிருந்தனர்.

நீதி தவறாமல் பேச வேண்டுமெனில் இன்னொன்றையும் மறைக்கலாகாது. 2020 டிசம்பரில் 'ஈயூ டிஸ்இன்ஃபோலேப்' என்ற ஐரோப்பிய ஆய்வு அமைப்பு, டெல்லியைச் சேர்ந்த வணிகக் குழுமம் ஒன்று 15 ஆண்டுகளாக 750க்கும் மேற்பட்ட போலிச் செய்தி ஊடகங்களை நடத்தி, ஐரோப்பாவில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கருத்தை வளர்த்ததாக அறிக்கை வெளியிட்டது. இந்திய வெளியுறவுத் துறை தனக்கு அதில் பங்கில்லை என்று மறுத்தது. யார் செய்தாலும் மோசடி மோசடியே. பிறருக்கு ஒரு தராசு, நமக்கு ஒரு தராசு என்பது முஃமினின் பண்பன்று.

இத்தகைய தலையீடு எல்லை கடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ருமேனியா சாட்சி. 2024 நவம்பர் 24ஆம் நாள் அங்கு அதிபர் தேர்தலின் முதல் சுற்று நடந்தது. டிக்டாக் தளத்தில் திட்டமிட்டு நடத்தப்பட்ட பிரசாரம் பற்றிய உளவுத்துறை ஆவணங்கள் வெளியானதும், டிசம்பர் 6ஆம் நாள் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தேர்தலையே ரத்துச் செய்தது. 90 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வரிசையில் நின்று இட்ட வாக்குகள் வீணாயின. அது நியாயமா என்ற வாதம் அந்நாட்டு மக்களைப் பிளந்தது. வாக்குப் பெட்டியை எவரும் தொடவில்லை. வாக்காளர்களின் நம்பிக்கை குலைந்தது. அந்த ஒன்றே தேர்தலைச் சாய்க்கப் போதுமானதாயிற்று.

நமக்குச் சாதகமான பொய்

ஜமாஅத்தார்களே! இப்போது நம் உள்ளத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டிய இடத்திற்கு வந்துவிட்டோம். நம்மை இகழும் செய்தி வந்தால் அதை ஆராய்வதற்கு நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உடனே குற்றம் கண்டுபிடித்துவிடுவோம். நம் துயரத்தைப் பேசும் செய்தி, நம் எதிரியைத் தோலுரிக்கும் செய்தி வந்தால் மட்டும் விசாரணையை மறந்துவிடுகின்றோம். அந்நியன் வலையை விரிக்கும் இடம் அதுவே.

ஹதீஸ் கலை வரலாற்றில் நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவரைப் பற்றிப் படிக்கின்றோம். மக்கள் குர்ஆனைப் புறக்கணிக்கிறார்களே என்று வருந்தி, ஒவ்வொரு சூராவின் சிறப்பையும் பற்றி ஹதீஸ்களை இட்டுக்கட்டினார் என்று அவரைக் குறித்துச் சொல்லப்படுகின்றது. நோக்கம் நல்லது என்பதற்காக ஹதீஸ் கலை இமாம்கள் அவரை விட்டுவிட்டார்களா? இல்லை. பொய்யர்களின் பட்டியலில் சேர்த்தார்கள். குர்ஆனின் சிறப்பைச் சொல்வதற்கே பொய் கூடாது எனில், சமுதாயத்தின் துயரத்தைச் சொல்வதற்குப் பொய் எப்படிக் கூடும்?

மத்ரஸாக்களில் நாங்கள் ஆண்டுக்கணக்கில் இஸ்னாதைப் படிக்கின்றோம். இச்செய்தியை இவருக்குச் சொன்னவர் யார், அவர் வாய்மையாளரா, நினைவாற்றல் உடையவரா, இவரும் அவரும் சந்தித்துக்கொண்டார்களா என்றெல்லாம் ஆராய்வோம். சங்கிலியில் ஒருவர் பெயர் தெரியாதவர் என்றால் மஜ்ஹூல் என்று கூறி அச்செய்தியை ஒதுக்கி வைப்போம். இத்தகைய அறிவுச் செல்வத்திற்கு வாரிசுகளான நாம், தலையும் வாலும் இல்லாத ஒரு செய்தியை, 'பலமுறை அனுப்பப்பட்டது' என்று வாட்ஸ்அப் தானே முத்திரையிட்டுக் காட்டிய பிறகும், இருபது குழுக்களுக்கு அனுப்பலாமா?

சுமப்பவர்கள் நல்லவர்கள்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கூறப்பட்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். அதைத் தொடங்கியவன் நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் இப்னு உபை. ஆனால் அதைப் பேசியவர்களில் மிஸ்தஹ் (ரலி) போன்ற உண்மையான முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர் பத்ருப் போரில் கலந்துகொண்டவர்! ஒரு மாத காலம் மதீனா நகரமே வேதனையில் ஆழ்ந்தது. கெட்டவன் ஒருவன் தொடங்குவதை நல்லவர்கள் பலர் சுமந்தால்தான் வதந்தி வெற்றி பெறுகின்றது.

தமிழகத்தில் நடந்தவற்றைப் பாருங்கள். 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்ற வாட்ஸ்அப் வதந்தி வட மாவட்டங்களில் பரவியிருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தார் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். கடத்தல்காரர்கள் என்று கூட்டம் சூழ்ந்தது. முதிய பெண்மணி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர்கள் தம் குழந்தைகளைக் காப்பதாகவே எண்ணியவர்கள்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகக் காணொளிகள் வட மாநிலங்களில் பரப்பப்பட்டன. ஒன்று திருப்பூரில் பீகாரைச் சேர்ந்தவர்களே தமக்குள் மோதிக்கொண்ட காட்சி. மற்றொன்று கோவையில் உள்ளூர்வாசிகளிடையே நடந்த மோதல் என்று அன்றைய காவல்துறைத் தலைவர் விளக்கினார். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி நேரில் பார்த்தது. அதற்குள் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். இதைப் பரப்பியவர்கள் அந்நியர் அல்லர், நம் நாட்டினரே. நம் சேலம், நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளிலும் நூற்பாலைகளிலும் உழைக்கும் வட மாநிலச் சகோதரர்கள் எத்தனை பேர்! நம் பள்ளிவாசல்களின் பின் வரிசைகளிலும் அவர்களைக் காண்கின்றோம். நம் ஊர் லாரி ஓட்டுநர்களோ பாட்னா சாலையிலும் குவாஹத்தி சாலையிலும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றனர். இங்கே அவரைப் பற்றிய பொய், அங்கே இவரின் உயிருக்கு ஆபத்து.

இலங்கையில் 2018 பிப்ரவரி இறுதியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் குழம்பில் இருந்த மாவுக் கட்டியை, சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றார்கள். அது வெறும் மாவே என்று அரசுப் பகுப்பாய்வில் தெரியவந்தது. அதற்குள் கடைகளும் மஸ்ஜிதும் தாக்கப்பட்டுவிட்டன. அடுத்த வாரமே கண்டி மாவட்டம் திகனையிலும் கலவரம் மூண்டது. வதந்தி எங்கிருந்து புறப்பட்டாலும் அது முதலில் வந்து விழுவது சிறுபான்மையினரின் கூரை மீதே. ஆகவே வதந்தியின் வாயை அடைப்பதில் நம்மைக் காட்டிலும் அதிக அக்கறை கொள்ள வேண்டியவர் எவர்?

வாய் மூடுவது தீர்வாகுமா?

"அப்படியானால் நமக்கு இழைக்கப்படும் அநீதியைப் பற்றிப் பேசவே கூடாதா?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்நியச் சதி என்ற சொல்லையே ஆயுதமாக்கி, உண்மையான குறையைச் சொல்பவரின் வாயை அடைக்க முயல்வதும் உலகில் நடக்கின்றது. 2012இல் வதந்தியைத் தடுக்க முடக்கப்பட்ட பக்கங்களுடன் பத்திரிகையாளர்கள் சிலரின் கணக்குகளும் முடக்கப்பட்டதாகக் கண்டனம் எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் மகாராஷ்டிராவின் பால்கரில் ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காக இரு இளம்பெண்கள் கைது செய்யப்பட்டனர். அத்தகைய கைதுகளுக்கு வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே தீர்மானிக்க வகை செய்த விதியை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. கருத்துரிமையைக் கொன்றுவிட்டு மக்களாட்சியைக் காப்பாற்ற இயலாது என்பதை நம் நீதிமன்றங்களே காட்டியுள்ளன.

எனவே பேசுங்கள், உண்மையைப் பேசுங்கள், உங்கள் சொந்தப் பெயரில் பேசுங்கள். அநீதி நடந்தால் நாளையும் இடத்தையும் குறித்து, சாட்சிகளைச் சேர்த்து, காவல் நிலையத்திற்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுதுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். நீதிமன்றத்தை நாடுங்கள். பத்து உண்மைகளுடன் ஒரு பொய்யைக் கலந்தால், அந்த ஒரு பொய்யைக் காட்டியே பத்து உண்மைகளையும் தள்ளிவிடுவார்கள். நம் துயரத்துக்குப் பொய் துணை வராது; அது நம் வழக்கைத்தான் தோற்கடிக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

ஒரு செய்தி வந்ததும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். சொன்னவர் யார்? எப்போது, எங்கே நடந்தது? வேறு நம்பகமான செய்தித்தாளோ அலுவலகமோ இதைச் சொல்கின்றதா? இதை அனுப்புவதால் யாருக்கு இலாபம்? படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் தேடிப் பார்க்க நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். கோபத்தையோ அச்சத்தையோ கிளப்பி, உடனே அனைவருக்கும் அனுப்புங்கள் என்று அவசரப்படுத்தும் செய்தியை ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். 2025 மே மாதம், பஹல்காம் படுகொலையைத் தொடர்ந்து இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மோதல் நடந்த நான்கு நாட்களில், கணினி விளையாட்டுக் காட்சிகள் போர்க்காட்சிகளாகப் பரவின. கராச்சித் துறைமுகம் அழிந்தது என்ற பொய்யைத் தொலைக்காட்சிகளும் சொல்லின. ஒரு நாள் பொறுத்தவர்கள் அப்பொய்களைச் சுமக்காமல் தப்பினார்கள்.

பாதுகாப்பு அல்லது அச்சம் தொடர்பான செய்தி கிடைத்ததும் அதைப் பரப்பிவிடாமல், விவரம் அறிந்த பொறுப்பாளர்களிடம் கொண்டு செல்ல வேண்டும் என்ற கருத்தை நிஸா அத்தியாயத்தின் 83ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கின்றது. ஒவ்வொரு ஜமாஅத்தும் படித்த இளைஞர் இருவரையும் விவரமறிந்த பெண் ஒருவரையும் இதற்கென நியமிக்கட்டும். ஐயத்துக்குரிய செய்தி வந்தால் அவர்களிடம் காட்டுங்கள். ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவை நடத்துபவர், அதில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர் தாம் என்ற உணர்வோடு நடத்தட்டும்.

நம் சமுதாயத்தின் பெயரைத் தாங்கிய பக்கங்களைப் பின்தொடரும் முன், அதை நடத்துபவரின் பெயர், ஊர், முகவரி இருக்கின்றதா என்று பாருங்கள். போராட்ட அழைப்பு வந்தால், அழைத்தவர் நேரில் வந்து நம் முன் நிற்கக்கூடியவரா என்று கேளுங்கள். தேர்தல் காலத்தில் பணம், மிரட்டல், மதவெறிப் பேச்சு போன்ற விதிமீறல்களைக் கண்டால், தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் செயலியில் புகார் செய்யுங்கள்.

தவறான செய்தியை அனுப்பிவிட்டது தெரிந்தால், அனுப்பிய அதே இடங்களுக்கெல்லாம் மறுப்பையும் அனுப்புவது கடமையாகும். அழித்துவிட்டால் போதாது. பரப்பியவனே திருத்தத்தையும் பரப்ப வேண்டும். அதுவே தவ்பாவின் நிபந்தனை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அண்டை வீட்டாரோடு உறவைப் பேணுங்கள். ஒருவரையொருவர் அறிந்த தெருவில் வதந்தி கால் ஊன்றுவதில்லை. உங்கள் கடையில் வேலை செய்யும் பீகார் இளைஞருக்கும், எதிர்வீட்டு இந்துக் குடும்பத்தாருக்கும் உங்களை நேரில் தெரியுமானால், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்தோ வேறு எங்கிருந்தோ ஒருவன் உங்களைப் பற்றி எழுதுவது அவர்களிடம் எடுபடாது.

கேள்விப்பட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவரைப் பொய்யராக்கிவிடும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்த கருத்தை நாம் மறவாதிருப்போம். செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் அந்நாளில், நம் விரலும் சாட்சி சொல்லும்.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளையும் விரல்களையும் பொய்யைச் சுமப்பதிலிருந்து காப்பாயாக! எங்கள் நாட்டில் அமைதியையும் நீதியையும் நிலைபெறச் செய்வாயாக! எங்களைப் பிளவுபடுத்த எண்ணுவோரின் சூழ்ச்சியை வலுவிழக்கச் செய்வாயாக! உண்மையை உண்மையென அறிந்து அதன்படி நடக்கவும், பொய்யைப் பொய்யென அறிந்து அதைவிட்டு விலகவும் எங்கள் அனைவருக்கும் தௌஃபீக் செய்வாயாக! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!